பட்டிப்பூவும் பிள்ளையின் பாதமும்

லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கும் பிள்ளைகள் சிலர், மருந்து ஏற்றத் தொடங்கிச் சில கிழமைகளில் முன்பாதம் தரையில் இழுபட, தடுக்கி விழத் தொடங்குகிறார்கள். நோய் முற்றிவிட்டதோ என்று பெற்றோர் பதறுவது இயல்பு. பெரும்பாலும் காரணம் நோயல்ல, நோயை அடக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து. வன்னி முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூவிலிருந்து, அதாவது நித்தியகல்யாணியிலிருந்து, எடுக்கப்படுவது அது.

1950களில் கனடாவில் ரொபர்ட் நோபிளும் சார்ள்ஸ் பீரும் நீரிழிவுக்கு மருந்து தேடி இந்த இலையை ஆராய்ந்தார்கள். எலிகளின் வெள்ளையணுக்கள்தான் குறைந்தன. அந்தத் தடத்தில் வந்த வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்கா 1963இல் அனுமதி கொடுத்தது.

கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுப்பவை நுண்குழாய்கள். அவற்றின் கட்டுமானப் புரதத்தை வின்கிரிஸ்டின் பற்றிக்கொள்வதால் குழாய் உருவாகாது. புற்றுக்கலம் பிரிய வழியின்றிச் சாகும். நரம்புக்கலம் பிரிவதில்லை. ஆனாலும் முள்ளந்தண்டுப் பக்கம் தயாராகும் புரதம் பாதம்வரை போவது இந்த நுண்குழாய்களைப் பற்றித்தான். குழாய் குலைந்தால் அந்த வழி அடைபடும். வன்னியின் பூவரசங்குளத்து வயற்காரருக்கு இப்படி வழி அடைபடுவது புதிதல்ல. வாய்க்கால் தூர்ந்தால் துருசடி வயல் பச்சையாகவே நிற்கும், கடைசி வயல்தான் முதலில் வாடும். உடம்பிலும் மிக நீளமான நரம்பின் நுனியே முதலில் வாடுகிறது: குதிக்காலின் அனிச்சைத் துடிப்பு மறையும், விரல் மரக்கும், பாதம் தொய்யும். தூர் வாரிய அன்றே கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. மருந்து நின்ற பிறகும் நரம்பு தேற மாதங்கள் எடுக்கும். தாடை வலிக்கும் மலச்சிக்கலுக்கும் மட்டும் இந்த வாய்க்கால் கணக்குப் பொருந்தாது. ஆனால் அவையும் இதே மருந்தின் வேலைதான்.

இதே வைத்தியத்தில் முள்ளந்தண்டு நீரில் ஏற்றப்படும் மெதோட்ரெக்சேற் என்ற இன்னொரு மருந்து மூளையைத் தொடுவது. அரிதாக, ஊசி போட்டு இரண்டு கிழமைக்குள் பாரிசவாதம் போல ஒரு பக்கம் சோர்ந்து, பேச்சுக் குழறும். பெரும்பாலும் சில நாட்களில் மீண்டுவிடும். வின்கிரிஸ்டினோ நாளத்தில் மட்டுமே ஏற்றப்பட வேண்டியது. தவறி முள்ளந்தண்டுக்குள் போனால் உயிரைக் குடிக்கும்.

பட்டிப்பூக் கசாயம் புற்றுநோயை மாற்றும் என்ற பேச்சை நம்பக்கூடாது. தொன் கணக்கான காய்ந்த இலையிலிருந்து கிடைப்பதே சில கிராம் மருந்து. கசாயத்தில் அளவும் தெரியாது, கூட வரும் நஞ்சும் தெரியாது. மற்ற மருந்துகளிலும் கவனம் வேண்டும்: இற்றாகொனசோல் போன்ற பூஞ்சண எதிர்ப்பு மாத்திரைகள், ஈரல் வின்கிரிஸ்டினை உடைப்பதைத் தடுத்து நரம்புச் சேதத்தைக் கூட்டும். ஆகவே மகரகம, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைகளில் வைத்தியம் பெறும் பிள்ளைக்கு வேறெங்காவது மருந்து எழுதப்பட்டால், அதைப் புற்றுநோய் வைத்தியரிடம் காட்டுங்கள். பாதம் தடுக்கினாலோ மலம் இறுகினாலோ அன்றே சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற அவரால் முடியும். நீங்களாக மருந்தை நிறுத்த மட்டும் வேண்டாம்.