வெயில் பட்ட புகைக்கரி

டீசல் வண்டியிலிருந்து இன்று வெளியேறும் புகைக்கரி, நாளை பல கிலோமீட்டர் தள்ளி ஒருவரின் நுரையீரலுக்குள் போகும்போது பழைய கரியாக இருப்பதில்லை. இடையில் அதன்மேல் வெயில் பட்டிருக்கிறது.

சூரிய ஒளி காற்றிலுள்ள ஓசோனை உடைக்கிறது. அதிலிருந்து பிரியும் ஆக்சிஜன் அணு, நீராவியோடு சேர்ந்து ஹைட்ராக்சிலாகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும் இந்த மூலக்கூறு கரியையும் விடுவதில்லை. கரியின் மேல் ஒட்டியிருக்கும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்களை அது ஆக்சிஜனேற்றம் செய்கிறது. பென்சோபைரீனே புற்றுநோய் உண்டாக்குவது. அது சிதைவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சிதைவில் பிறப்பவற்றில் குயினோன்களும் உண்டு. குயினோன் செல்லிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிட்டு, பழைய வடிவத்துக்குத் திரும்பி, மறுபடியும் பறிக்கும். தான் தீராமலே செல்லைத் தீர்க்கும் என்பதால் சிறிதளவே போதும்.

லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டம் வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உருவாவது என்று 1950களில் காட்டியவர் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். அதே கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் வேதியியலாளர் ஜேம்ஸ் பிட்ஸ் குழுவினர் 1978இல் இன்னொன்றைக் கண்டனர். புகைமூட்டத்தில் இருக்கும் நைட்ரஜன் டைஆக்சைடு பட்டால் பென்சோபைரீன் நைட்ரோ சேர்மமாக மாறுகிறது. பென்சோபைரீன் மரபணுவைத் தாக்க, உடலின் நொதிகள் அதை முதலில் மாற்றியாக வேண்டும். புதிய சேர்மத்துக்கு அந்த உதவியே தேவைப்படவில்லை. பாக்டீரியாவின் மரபணுவை நேரடியாக மாற்றியது.

கரி எந்தக் காற்றில் இப்படி மாறி முதிர்கிறது என்பதும் முக்கியம். ஜெர்மனி, இஸ்ரேல் ஆய்வாளர்கள் இணைந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், சில கரித்துகள்களை வாகனப் புகையிலும் இருக்கும் நாஃப்தலீனோடும், சிலவற்றைப் பைன் மரங்கள் வெளியிடும் பைனீனோடும் முதிரவைத்து, மனித நுரையீரல் செல்களின்மேல் படியவிட்டனர். இரண்டுமே செல்களைப் பாதித்தன. நாஃப்தலீனோடு முதிர்ந்த கரியே கூடுதலாக.

காற்றுத் தர வரம்புகள் கரியின் இந்த மாற்றத்தைக் காண்பதில்லை. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இரண்டும் எடைக் கணக்கு. காலையில் கிளம்பிய கரியும் ஒரு பகல் முழுக்கக் காய்ந்த கரியும் அதில் ஒன்றுதான். துகளின் ஆக்சிஜனேற்றத் திறனையும் சேர்த்து அளக்கும் முறைகள் ஆய்வகங்களில் தயாராக இருக்கின்றன. அவை கண்காணிப்பு நிலையங்களுக்கும் வர வேண்டும்; முதலில், நகரத்துப் புகை காற்றோடு போய்ச் சேரும் ஊர்களில்.