கணினியில் மிடி இசை

மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளும் கணினிகளும் தமக்குள் இசைக் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்வதற்கான ஒரு நெறிமுறை ஆகும். 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து இப்பெயர் அமைந்தது. இக்கட்டளைகளைச் சேமித்து வைக்கும் கோப்பு மிடி கோப்பு எனப்படுகிறது.

மிடி கோப்பில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு விசையுடன், எந்த வாத்தியத்தில் ஒலிக்க வேண்டும் என்னும் குறிப்புகள் மட்டுமே அதில் உள்ளன. அக்குறிப்புகளைப் படித்து ஒலியாக மாற்றுவது ஒலித்தொகுப்பி, அதாவது சின்தசைசர் ஆகும். இது தனிக்கருவியாகவோ, ஒலியட்டையில் உள்ள சில்லாகவோ, மென்பொருளாகவோ இருக்கலாம். ஆகவே ஒரே கோப்பு இரு கணினிகளில் வெவ்வேறு விதமாக ஒலிக்கக்கூடும். ஒலித்தொகுப்பி இல்லாத கணினியில் ஒலிக்காமலும் போகலாம். மிடி இசையில் பயனர்கள் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இயல்பிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவியை மற்றொரு நிறுவனத்தின் கருவியுடன் இணைக்கப் பொதுவான முறை இல்லை. இதற்குத் தீர்வாக, சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித், செட் வுட் ஆகியோர் 1981இல் ஒரு பொது இடைமுகத்தை முன்மொழிந்தனர். ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காக்கேஹாஷியும் இம்முயற்சியில் முக்கியப் பங்காற்றினார். 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த இசை வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-6 கருவியும் மிடி வழியாக இணைத்துக் காட்டப்பட்டன. அதே ஆண்டு மிடி 1.0 வரையறை வெளியானது. இப்பணிக்காக ஸ்மித்தும் காக்கேஹாஷியும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றனர்.

1990களில் இணையத்தில் மிடி கோப்புகள் பரவலாயின. குறுந்தகட்டுத் தரத்தில் மூன்று நிமிடப் பாடல் ஒன்று 30 மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். 56 கிலோபிட்டு மோடத்தில் அதனைப் பதிவிறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதே பாடலின் மிடி கோப்பு சில பத்து கிலோபைட்டு அளவே இருப்பதால் சில நொடிகளில் வந்து சேர்ந்தது.

கட்டளைகளும் கோப்பும்

ஒரு சுரத்தைத் தொடங்கும் கட்டளைக்கு மூன்று பைட்டுகள் போதும். எடுத்துக்காட்டாக 144, 60, 100 என்னும் மூன்று எண்கள், 'முதல் சேனலில் நடு சி சுரத்தை 100 அளவு விசையுடன் தொடங்கு' என்று பொருள்படும். அச்சுரத்தை நிறுத்த வேறொரு கட்டளை வர வேண்டும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உள்ளன. ஓர் இணைப்பில் 16 சேனல்கள் உண்டு. ஐந்து முனைகள் கொண்ட பழைய மிடி கம்பிவடம் நொடிக்கு 31,250 பிட்டுகளை அனுப்புவதால், மூன்று பைட்டுக் கட்டளை ஒன்று செல்ல ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகிறது.

தொடக்கத்தில் எந்த எண் எந்த வாத்தியத்தைக் குறிக்கும் என்பதில் ஒழுங்கு இல்லை. 1991இல் வெளியான ஜெனரல் மிடி வரையறை, 128 வாத்தியங்களுக்கு நிலையான எண்களை வழங்கியது. இதன்படி 1 பியானோ, 41 வயலின், 105 சித்தார் ஆகும். பத்தாவது சேனல் தாள வாத்தியங்களுக்கு ஒதுக்கப்பட்டது. எனினும் வயலினின் எண்ணைத்தான் இவ்வரையறை நிர்ணயித்தது. அந்த வயலின் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பதை ஒலித்தொகுப்பியைச் செய்தவரிடமே விட்டுவிட்டது.

ஒலி உருவாகும் முறைகள்

1987இல் வந்த ஆட்லிப் அட்டையும் 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையும் யமஹா நிறுவனத்தின் எஃப்.எம். சில்லைப் பயன்படுத்தின. இச்சில்லு ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலியை உருவாக்குகிறது. விலை மலிவானது எனினும், இயல்பான வாத்தியங்களின் ஒலியை இதனால் நெருங்க இயலவில்லை.

பின்னர் வந்த அலையட்டவணை முறையில், உண்மையான வாத்தியங்களின் ஒலிப்பதிவுத் துண்டுகள் நினைவகத்தில் வைக்கப்பட்டு, வேண்டிய சுரத்துக்கு ஏற்ப உயர்த்தியும் தாழ்த்தியும் இசைக்கப்படுகின்றன. 1994இல் வெளியான சவுண்ட் பிளாஸ்டர் ஏ.டபிள்யூ.ஈ.32 அட்டையுடன் சவுண்ட்ஃபாண்ட் என்னும் ஒலித்தொகுதிக் கோப்பு முறை அறிமுகமானது. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் தோற்றம் மாறுவது போல, சவுண்ட்ஃபாண்டை மாற்றினால் இசையின் ஒலி மாறும். இக்கோப்புகள் சில மெகாபைட்டிலிருந்து பல நூறு மெகாபைட்டு வரை அமைகின்றன.

கணினிகளின் வேகம் கூடியபின் இவ்வேலையை மென்பொருளே செய்யத் தொடங்கியது. விண்டோஸ் 98 முதல் அந்த இயங்குதளத்தில் உள்ளமைந்து வரும் ஒலித்தொகுப்பி, மூன்று மெகாபைட்டை ஒட்டிய ஒரு சிறிய ஒலித்தொகுதியைப் பயன்படுத்துகிறது. ஒரு மிடி கோப்பு 'பொம்மை இசை' போல ஒலிப்பதாகப் பயனர் கருதினால், குறை பெரும்பாலும் இச்சிறிய தொகுதியில் உள்ளதேயன்றி இசையமைப்பில் உள்ளதன்று.

இசைக்கத் தொடங்குதல்

விண்டோஸ்: கூடுதலாக எதையும் நிறுவாமலே மிடி கோப்புகளை இசைக்க இயலும். ஆனால் இயல்பிருப்பு ஒலித்தொகுப்பியை மாற்றுவதற்குக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் இருந்த வசதி விஸ்டா பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. வேறு ஒலித்தொகுதி வேண்டுவோர் வெர்ச்சுவல் மிடி சின்த் போன்ற மென்பொருளை நிறுவி, அதில் சவுண்ட்ஃபாண்ட் கோப்பைச் சேர்த்து, இசைக்கும் மென்பொருளின் அமைப்புகளில் அதனை வெளியீடாகத் தெரிவு செய்யலாம்.

மாக்: குயிக்டைம் 7 மிடி கோப்புகளை இசைத்தது. 2009இல் வந்த குயிக்டைம் எக்ஸ் இவ்வசதியின்றி வெளியானது. கராஜ்பேண்ட் மென்பொருளில் கோப்பைத் திறந்து இசைக்கலாம்.

லினக்ஸ்: பல வழங்கல்களில் ஒலித்தொகுப்பி முன்னமே நிறுவப்பட்டிருப்பதில்லை. ஃபுளூயிட்சின்த் அல்லது டிமிடிட்டி மென்பொருளையும், ஃபுளூயிட் ஆர்3 போன்ற ஒரு சவுண்ட்ஃபாண்டையும் பயனரே நிறுவ வேண்டும். ஃபுளூயிட் ஆர்3 ஏறத்தாழ 140 மெகாபைட்டு அளவுள்ளது.

பொதுவான சிக்கல்களும் தீர்வுகளும்

ஒலியே எழாமை: முதலில் வேறோர் ஒலிக்கோப்பை இசைத்துப் பார்க்க வேண்டும். அது ஒலித்தால் ஒலிபெருக்கியிலும் ஒலியட்டையிலும் பழுதில்லை எனக் கொள்ளலாம். அடுத்து, இசைக்கும் மென்பொருள் தன் கட்டளைகளை எந்த வெளியீட்டுக்கு அனுப்புகிறது என்று காண வேண்டும். எதுவும் இணைக்கப்படாத மிடி முனைக்கு அனுப்பினால், நேரம் ஓடுவது திரையில் தெரியும். ஒலி மட்டும் வராது. லினக்ஸில் வெளியீடுகளின் பட்டியலில் 'மிடி த்ரூ' என்பது மட்டும் தெரிந்தால், ஒலித்தொகுப்பி எதுவும் இயங்கவில்லை என்று பொருள்.

கோப்பு திறக்காமை: பதிவிறக்கம் தவறும்போது மிடி கோப்புக்குப் பதிலாக ஒரு வலைப்பக்கம் சேமிக்கப்படுவதுண்டு. கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்தால், சரியான மிடி கோப்பின் தொடக்கத்தில் எம், டி, எச், டி ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகள் தெரியும்.

வாத்தியங்கள் மாறி ஒலித்தல்: கோப்பு ஜெனரல் மிடிக்கு முற்பட்டதாக இருக்கலாம். 1987இல் வந்த ரோலண்ட் எம்.டி.-32 கருவியின் வாத்திய வரிசை வேறானது. அதற்காக எழுதப்பட்ட பழைய கணினி விளையாட்டுகளின் இசை, ஜெனரல் மிடி கருவியில் பொருந்தா வாத்தியங்களுடன் ஒலிக்கும். மண்ட் என்னும் மென்பொருள் அக்கருவியைப் போலச் செயல்பட வல்லது. அதற்கு மூலக்கருவியின் நிலைநினைவகக் கோப்புகள் தேவை.

இசை இரட்டித்து ஒலித்தல்: விண்டோஸ் 3.1 காலத்துக் கோப்புகள் சிலவற்றில் ஒரே இசை இருமுறை எழுதப்பட்டிருக்கும். திறன்மிகு கருவிகளுக்காக 1 முதல் 10 வரையிலான சேனல்களும், எளிய கருவிகளுக்காக 13 முதல் 16 வரையிலான சேனல்களும் பயன்பட்டன. இன்றைய ஒலித்தொகுப்பி இரண்டையும் சேர்த்தே இசைக்கும். பின்னைய நான்கு சேனல்களை அடக்கிவிட்டால் இசை சீராகும்.

சுரம் நிற்காமல் ஒலித்தல்: நிறுத்தும் கட்டளை வழியில் தவறிவிட்டால் இவ்வாறு நிகழும். பல மென்பொருள்களில் 'பேனிக்' என்னும் பொத்தான் உள்ளது. இது எல்லாச் சேனல்களுக்கும் 'அனைத்துச் சுரங்களையும் நிறுத்து' என்ற கட்டளையை அனுப்பும்.

விசைப்பலகையை இணைத்தும் ஒலியின்மை: மிடி வடம் ஒலியைக் கடத்துவதில்லை. இசைப்பலகையின் வெளியீட்டு முனை கணினியின் உள்ளீட்டு முனையுடன் இணைந்திருக்க வேண்டும். கணினியில் ஓர் ஒலித்தொகுப்பியும் இயங்க வேண்டும். வடத்தை எதிர்மாறாகச் செருகுவது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை.

தாமதம்: விசையை அழுத்திச் சற்று நேரம் கழித்து ஒலி எழுவதற்கு, ஒலித்தரவு வெளியேறுமுன் தங்கும் இடைநினைவகத்தின் அளவு ஒரு முக்கியக் காரணம். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் வீதத்தில், 1024 மாதிரிகள் கொண்ட இடைநினைவகம் 23 மில்லிநொடி தாமதம் தரும். 128 மாதிரிகள் எனில் 3 மில்லிநொடிக்கும் குறைவு. அளவை மிகக் குறைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும். கோப்பை இசைத்துக் கேட்க மட்டும் விரும்புவோருக்கு இத்தாமதம் பொருட்டன்று.

எல்லைகள்

மிடியின் சுர எண்கள் மேற்கத்திய பியானோவின் கட்டைகளை ஒட்டியவை. ஆகவே கருநாடக இசையின் கமகங்களைச் சுர எண்களைக் கொண்டு மட்டும் எழுத இயலாது. சுருதியை வளைக்கும் கட்டளை 16,384 படிகள் கொண்டது எனினும், இயல்பிருப்பில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் வரை மட்டுமே செல்லும். நீண்ட ஜாருக்கு இவ்வெல்லையை முன்கூட்டியே விரிக்க வேண்டும். மேலும் இக்கட்டளை ஒரு சேனல் முழுவதையும் வளைப்பதால், ஒரு சுரம் நிலையாக நிற்க மற்றொன்று அசைய வேண்டுமெனில் இரு சேனல்கள் தேவை. 2020இல் வெளியான மிடி 2.0 ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடமளிக்கிறது.

பாதுகாத்தல்

கோப்பு அப்படியே இருந்தாலும், அது எழுதப்பட்ட காலத்து ஒலித்தொகுப்பி மறைந்துவிட்டால் இசையமைத்தவர் கேட்ட ஒலியும் மறைந்துவிடும். எனவே பழைய மிடி இசையைப் பாதுகாக்க விரும்புவோர், பொருத்தமான கருவியில் அல்லது சவுண்ட்ஃபாண்டில் இசைத்து அதனை ஒலிக்கோப்பாகவும் சேமிப்பது நல்லது. ஃபுளூயிட்சின்த், டிமிடிட்டி ஆகிய இரண்டும் நேரடியாக இவ்வாறு மாற்றித் தரும். எந்த ஒலித்தொகுதி பயன்பட்டது என்பதைக் குறித்து வைப்பதோடு, மூல மிடி கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எந்தச் சுரங்கள் இசைக்கப்பட்டன என்பதைத் தெளிவாகக் காட்டுவதும், பின்னர் திருத்த இடம் தருவதும் அம்மூலக்கோப்பே ஆகும்.