கடல்நீரில் மூழ்கிய காருக்கு எவ்வளவு கிடைக்கும்?

2004 டிசம்பர் 26. அந்தமான் மக்கள் மறக்க முடியாத நாள். முதலில் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் ஊருக்குள் வந்தது. தெற்கு அந்தமானில் நிலமே தாழ்ந்து போனது. சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் தேங்கியது. போன உயிர்களுக்கு முன்னால் வண்டிகளின் சேதம் சிறியதுதான். ஆனாலும் கடன் வாங்கிக் கார் எடுத்தவருக்கு அதுவும் பெரிய அடி.

இப்படி மூழ்கிய காருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா? உங்கள் பாலிசியைப் பாருங்கள்.

சட்டம் கட்டாயமாக்கியது 'தேர்டு பார்ட்டி' பாலிசியை மட்டும்தான். உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கு அது ஈடு தரும். உங்கள் வண்டிக்கு ஒரு காசும் தராது. வெள்ளம், புயல், பூகம்பம் என்றால் முழுப் பாலிசி வேண்டும். பிரீமியம் அதிகம்தான். ஆனால் கடலோரத்தில் கார் நிறுத்துபவர் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பாலிசித் தாளில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை இருக்கும். உங்கள் காருக்குப் போட்ட மதிப்பு அது. கார் முழுதும் போனால் அதற்கு மேல் கிடைக்காது. புதுக் காரின் விலையில் வயதுக்கு ஏற்பக் கழித்து அதைப் போடுகிறார்கள். இரண்டு வயது முடிந்து மூன்றாவது நடந்தால், வழக்கமாக நூற்றுக்கு 30 ரூபாய் கழியும்.

ஒரு கணக்குப் போடுவோம். புதுக் காரின் விலை 5,00,000 ரூபாய். 30 சதவீதம், அதாவது 1,50,000 கழிகிறது. ஐ.டி.வி. 3,50,000. இதில் முக்கால் பங்கு 2,62,500. பழுது பார்க்க இதற்கு மேல் ஆகும் என்று சர்வேயர் கணக்கிட்டால், காரை 'டோட்டல் லாஸ்' என்பார்கள். தீவுகளுக்குப் பாகங்கள் கப்பலில் வர வேண்டும். செலவு சீக்கிரம் ஏறிவிடும்.

உடைந்த கார் 50,000 பெறும் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 3,50,000. நீங்களே வைத்துக்கொண்டால் 3,00,000. இரண்டிலும் பாலிசியில் சொன்ன சிறு தொகை ஒன்றைக் கழிப்பார்கள். கார்க் கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். சிலர் பிரீமியம் குறைய வேண்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்கிறார்கள். கார் போகும் நாளில்தான் நட்டம் தெரியும்.

நீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் நீர் இருந்தால் அது உடையும். அந்தச் சேதத்துக்குக் கம்பெனி பணம் மறுக்கலாம். படம் எடுங்கள். உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்ற வேண்டாம்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட காரின் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று குறித்துவிடுவார்கள். வாங்குபவருக்கு விஷயம் தெரிந்துவிடும். நம் ஆர்.சி.யில் அந்தக் குறிப்பு இல்லை. உடைந்த காரோடு ஆர்.சி.யும் கைமாறினால், அதன் எண்ணைத் திருட்டுக் காரில் பொறித்து விற்பவர்கள் உண்டு. போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. இனி ஓடவே ஓடாது என்ற கார் என்றால், 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

கம்பெனி குறைத்துக் கொடுத்தால்? முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அந்தமானுக்கு அந்த அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை.