கொழும்புத் தனியார் பாடசாலைகள்: இதெல்லாம் தெரியுமா?

ஜனவரி 31ஆம் திகதிக்குப் பிள்ளைக்கு 5 வயது பூர்த்தியாகிறதா? அப்படியென்றால் வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: எந்தப் பள்ளிக்கூடம்? அரசாங்கமா, தனியாரா, இன்டர்நெஷனலா? விண்ணப்பம் நிரப்பமுதல் இதைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

கொட்டாஞ்சேனை புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865இல் தொடங்கியது. 1869இல் அதே கொட்டாஞ்சேனையில் பெண்பிள்ளைகளுக்கு நல்லாயன் கன்னியர் மடம். கொழும்புத் துறைமுகத்தின் முதல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்ததே 1875இல்தான் என்று தெரியுமா? அந்தச் சுவரைவிட இந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் மூத்தவை!

காலி வீதியில் வெள்ளவத்தைக் கால்வாயோரம் நிற்கும் புனித பேதுரு கல்லூரி, இன்னொரு கல்லூரியின் கிளையாகப் பிறந்தது தெரியுமா? புனித சூசையப்பர் கல்லூரியில் இடம் போதாமல் போக, தெற்கே அதற்கொரு கிளை வேண்டுமென்று 1922இல் இதைத் தொடங்கியவர் அருட்தந்தை மொரிஸ் லு கோக். பிரான்சில் பிறந்த குரு, அதோடு தாவரவியலாளர்! இரண்டாம் உலகப்போரில் அந்த வகுப்பறைகள் இராணுவ வைத்தியசாலையாயின. தாயும் பிள்ளையுமான இரண்டு கல்லூரிகளும் 1933 முதல் கிரிக்கெட்டில் மோதுகின்றன. இலங்கை அணிக்கு ஆடிய ரசல் ஆர்னோல்ட் பேதுரு கல்லூரிப் பிள்ளைதான்!

இனிச் சொல்லப்போவதுதான் பெரிய அதிசயம். இந்தப் பெயர்களையே நம் பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்வது ஏன் தெரியுமா? சட்டம்! 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் அரச உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே புகுந்து, இரவுபகலாகத் தங்கி எதிர்த்தார்கள். சில பெரிய கல்லூரிகள் மட்டும் அப்போது அரசின் உதவியும் வேண்டாம், மாணவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை என்று தனித்து நின்றன. எத்தனை மன உறுதி! 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறப்பதற்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது.

அப்படியானால் சந்திக்குச் சந்தி இன்டர்நெஷனல் ஸ்கூல் பெயர்ப்பலகை எப்படி? அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பனிகள், தெரியுமா! பாடம் ஆங்கிலத்தில், பல இடங்களில் பரீட்சை லண்டன் ஓ/எல், ஏ/எல். அரசு அங்கீகரித்த தனியார் பாடசாலையிலோ நம் நாட்டுப் பாடத்திட்டம், நம் நாட்டுப் பரீட்சை, அரசின் இலவசப் பாடநூல்கூட உண்டு. இரண்டையும் 'பிரைவேட்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பிள்ளையின் பத்துப் பதின்மூன்று வருடம் அல்லவா இதில் தங்கியிருக்கிறது!

வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயம் சைவ மங்கையர் கழகப் பெண்கள் 1930களில் தொடங்கியது என்பதும் தெரியுமா? தமிழ்ப் பெண்பிள்ளைகள் தமிழில் படிக்கவேண்டும் என்று பெண்களே முன்வந்து எழுப்பிய பள்ளிக்கூடம்! நினைக்கவே சிலிர்க்கிறது.

அதனால் நேர்முகத்துக்குப் போகும் பெற்றோரே, பிறப்புச் சான்றிதழையும், கத்தோலிக்கரானால் ஞானஸ்நானச் சான்றிதழையும் எடுத்துவைக்கும்போதே ஒரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: தமிழ் மொழிமூல வகுப்பு தரம் 1இல் இருக்கிறதா, அது உயர்தரம் வரைக்கும் போகிறதா? கட்டணத்தைப் பிறகு கேட்கலாம்.