ஒரு வாய்... ஒரே ஒரு வாய்!

ஆபீஸில் எனக்கு வேலை பாக்கி வசூல். ஆறு மாசமாக டபாய்க்கிற பார்ட்டியைக்கூட இதமாகப் பேசி செக் வாங்கிவிடுவேன். ஆனால் வீட்டில் இரண்டு வயசுப் பெண் ஒருத்தி. அவள் வாய்க்குள் ஒரு உருண்டை பருப்பு சாதத்தை அனுப்ப என்னால் முடியவில்லை!

என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. மொட்டை மாடிக் காக்கா, எதிர்வீட்டு நாய், பூச்சாண்டி, செல்போனில் பாட்டுப் பாடும் யானை... யானை பாடும்வரை வாய் திறந்திருக்கும். பாட்டு முடிந்தால் கேட் பூட்டு. ஒரு கிண்ணம் சாதத்துக்கு ஒன்றரை மணி நேரம். "பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டு இட்லி சாப்பிடறானாம்" என்று மாமியார் வேறு புள்ளிவிவரம் தருவார்.

ஒருநாள் ராத்திரி எனக்குப் பொறுமை போய்விட்டது. கன்னத்தை அழுத்தி, அழுதுகொண்டிருந்தவள் வாயில் சாதத்தைத் திணித்தேன். புரை ஏறிவிட்டது. முகம் சிவந்து, சில விநாடி சத்தமே இல்லை. பிறகு இருமி எல்லாவற்றையும் துப்பினாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் நான் கிண்ணத்தோடு வந்ததும் என் மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். என்னைப் பார்த்து! அப்போதுதான் உறைத்தது.

குழந்தை டாக்டரிடம் ஓடினோம். நிறுத்துப் பார்த்தார். பதினொரு கிலோ.

"பொறந்தப்போ?"

"மூணு."

"ஒரு வயசுல?"

"ஒன்பது."

"முதல் வருஷம் ஆறு கிலோ ஏறினா, ரெண்டாவது வருஷம் ரெண்டு கிலோதான். எல்லாக் குழந்தைக்கும் ஏறக்குறைய இப்படித்தான். வளர்ற வேகம் குறையுது, பசியும் குறையுது. நீங்கதான் பழைய அளவையே கிண்ணத்துல போடறீங்க. சரி, பால் எவ்வளவு?"

மனைவி கணக்குச் சொல்லச் சொல்ல எனக்கே மயக்கம் வந்தது. காலையில், பதினொரு மணிக்கு, சாயங்காலம், தூங்கும்போது பாட்டில்... ஒரு லிட்டரைத் தொட்டது. இதில் நான் ஆபீஸிலிருந்து வரும்போது நீட்டுகிற கிரீம் பிஸ்கட் சேர்த்தியில்லை.

"அப்புறம் பசி எங்கேர்ந்து வரும்? அரை லிட்டருக்கு மேல வேண்டாம். அதிகமானா இரும்புச் சத்து குறைஞ்சு ரத்த சோகை வரும்" என்றார். டானிக் கேட்டேன். சிரித்தார். எடை குறைந்துகொண்டே போனாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, முழுங்கக் கஷ்டப்பட்டாலோ, வெளிறிச் சோர்ந்து கிடந்தாலோ மட்டும் உடனே வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைப்பற்றித் தேடிப் படித்ததில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க டாக்டரம்மா அகப்பட்டார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை வைத்து அவர் செய்த சோதனையின் முடிவு 1939-ல் வந்தது. காய், பழம், தானியம், பால், முட்டை, இறைச்சி என்று முப்பதுக்கு மேற்பட்ட அயிட்டங்களிலிருந்து சிலவற்றை ஒவ்வொரு வேளையும் எதிரே வைத்துவிடுவார்கள். குழந்தை கை காட்டினால்தான் நர்ஸ் ஸ்பூனை எடுக்கலாம். கெஞ்சல், கொஞ்சல் கூடாது. ஒரு நாள் ஏகத்துக்கு முட்டை, இன்னொரு நாள் வெறும் பழம் என்று தாறுமாறாகத் தின்று, கடைசியில் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. ஒன்றைக் கவனிக்கணும். அந்தத் தட்டுகளில் சர்க்கரையும் இல்லை, பாக்கெட் தீனியும் இல்லை. என்ன வைப்பது என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு என்பது குழந்தை பாடு. நான் இரண்டு இலாகாவையும் வைத்துக்கொண்டிருந்தேன்!

ராஜினாமா செய்தேன். ராத்திரி எட்டுக்கு எல்லோரும் தரையில் உட்காருவோம். செல்போன்கள் ஃப்ரிட்ஜ் தலையில், என்னுடையதும். அவளுக்குத் தனித் தட்டு, இரண்டு ஸ்பூன் சாதம், ஒரு துண்டு பீன்ஸ். அரை மணியானால் தட்டை எடுத்துவிட வேண்டும். திட்டும் கிடையாது, பாராட்டு விழாவும் கிடையாது.

முதல் நாள் நாலு பருக்கை. மீதி தலையில். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பிஸ்கட் டப்பாவை நோக்கிக் கை போனது, மனைவி முறைத்தாள். நாலாம் நாள், பால் குறைந்ததாலோ என்னவோ, சாயங்காலமே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

பீன்ஸ்தான் இழுத்தடித்தது. புதுக் காயைப் பத்துப் பதினைந்து தடவையாவது பார்த்துப் பழகினால்தான் சில குழந்தைகள் தொடுமாம். நாம் மூன்றாம் தடவையே 'இவளுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒன்பதாம் நாள் நக்கிவிட்டுத் துப்பினாள். பன்னிரண்டாம் நாள் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். (சின்னவர்கள் தானே எடுத்துச் சாப்பிடும்போது பக்கத்திலேயே இருங்கள். முழு வேர்க்கடலை, முழு திராட்சை வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.)

போன வாரம் கத்திரிக்காய்ப் பொரியல். மகள் தொடவில்லை. நான் டாக்டர் தோரணையில், "விடு, இன்னும் பத்து தடவை வெச்சுப் பார்ப்போம்" என்றேன்.

"அவளைச் சொல்றது இருக்கட்டும், உங்க தட்டைப் பாருங்க" என்றாள் மனைவி.

ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன், ஆறு துண்டு. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.