தொலைக்காட்சியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்



லெம்மிங் என்ற சிறு பிராணியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆர்க்டிக் பகுதியின் குளிர் வெளிகளில் வாழும், எலியைப் போன்ற கொறிக்கும் விலங்கு அது. லெம்மிங்குகள் கூட்டம் கூட்டமாகச் சென்று மலை விளிம்பிலிருந்து கடலில் குதித்துத் தற்கொலை செய்து கொள்கின்றன என்று உலகில் பலரும் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள்? கண்ணால் பார்த்தார்கள், அதனால்தான்.

1958இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னெஸ்' என்ற இயற்கைப் படத்தில் அந்தக் காட்சி இருந்தது. சிறந்த ஆவணப் படத்துக்கான ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆனால் உண்மை என்ன தெரியுமா? அந்தக் காட்சி கனடாவில், கடற்கரையே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்தில் எடுக்கப்பட்டது. லெம்மிங்குகள் வேறோர் இடத்திலிருந்து விலைக்கு வாங்கி வரப்பட்டவை. பனி பரப்பிய சுழல் மேடையில் அவற்றை ஓடவிட்டு, பெருங்கூட்டம் போலத் தோன்றும்படி படம் பிடித்தார்கள். பிறகு ஓர் ஆற்றங்கரைச் சரிவிலிருந்து கீழே தள்ளினார்கள். படத்தில் கடலாகத் தோன்றியது அந்த ஆறுதான்!

இந்த மோசடியை 1982இல் வெளிக்கொணர்ந்ததும் ஒரு தொலைக்காட்சிதான். கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சி.பி.சி. இதை விசாரித்து ஒரு நிகழ்ச்சியே ஒளிபரப்பியது. லெம்மிங்குகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மிகவும் பெருகும். அப்போது அவை இரை தேடி இடம் பெயரும். வழியில் நீர்நிலைகளைக் கடக்க முயன்று சில மூழ்கி இறப்பதும் உண்டு. தற்கொலை என்பது வெறும் கட்டுக்கதை.

ஒரே கருவி பொய்யையும் பரப்பியது. பொய்யை உடைக்கவும் செய்தது. அப்படியானால் நல்ல நிகழ்ச்சியை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. திரையில் எதைக் கண்டாலும், "இது அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தானே விடை தரும் நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சி. அத்தகைய சில தொடர்களை இக்கட்டுரையில் அறிமுகம் செய்கிறோம்.

பொதுத் தொலைக்காட்சி என்றால் என்ன?

வணிகத் தொலைக்காட்சி பெரும்பாலும் விளம்பர வருமானத்தால் நடக்கிறது. எனவே பார்வையாளர் அடுத்த விளம்பரம் வரை எழுந்து போகாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. பொதுத் தொலைக்காட்சி மக்களின் பணத்தில், மக்களின் கல்விக்காகவும் நடப்பது. பிரிட்டனில் பி.பி.சி.க்குத் தொலைக்காட்சி பார்க்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. அமெரிக்காவில் 1970இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பி.பி.எஸ். அமைப்பின் நிலையங்கள் பார்வையாளர் நன்கொடை, அறக்கட்டளைகளின் உதவி, அரசு நிதி ஆகிய மூன்றாலும் வளர்ந்தன. நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் தொடங்கிய தூர்தர்ஷன் பொதுத் தொலைக்காட்சி ஆகும். அது விளம்பரங்களையும் ஏற்கிறது.

இதனால் கிடைக்கும் பெரிய நன்மை நேரம். ஒரு தவளைக்காக நூற்றுக்கணக்கான மணி நேரம் காத்திருக்க எந்த வியாபாரி சம்மதிப்பார்?

தவளைக்காகக் காத்திருந்தவர்கள்

இது உவமை அன்று, உண்மையில் நடந்தது. 1979இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'லைஃப் ஆன் எர்த்' தொடரில் டேவிட் அட்டன்பரோ, பூமியில் உயிர்கள் தோன்றி வளர்ந்த கதையை 13 பகுதிகளில் சொன்னார். சிலி நாட்டில் டார்வின் தவளை என்ற இனம் உண்டு. அதன் ஆண் தவளை, தலைப்பிரட்டைகளைத் தன் வாயில் எடுத்துக் குரல்பைக்குள் வைத்து வளர்க்கும். அவை குட்டித் தவளைகளானதும் வாய் வழியே வெளியே வரும். சில விநாடிகளே நடக்கும் அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்ய ஓர் ஒளிப்பதிவாளர் நூற்றுக்கணக்கான மணி நேரம் காத்திருந்தார். புத்தகத்தில் ஒரு வரியாக உள்ள செய்தி, இவ்வாறு காட்சிச் சான்றாக நமக்குக் கிடைத்தது.

பி.பி.சி.யின் 'பிளானட் எர்த்' தொடர் 2006இல் வந்தது. பாகிஸ்தானின் மலைகளில் பனிச்சிறுத்தை ஒன்று காட்டாட்டைத் துரத்தும் காட்சி அதில் புகழ் பெற்றது. இத்தொடரின் 11 பகுதிகளிலும் இறுதியில் ஒரு சிறு பகுதி உண்டு. அந்தப் படம் எவ்வாறு எடுக்கப்பட்டது, எத்தனை நாள் ஏமாற்றம், எந்தக் கருவி என்பதையெல்லாம் அதில் விளக்குவார்கள். "படம் முடிந்துவிட்டது" என்று அதற்கு முன்பே எழுந்துவிடாதீர்கள். நமது கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1974 மார்ச் 3 அன்று 'நோவா' என்ற அறிவியல் தொடரைத் தொடங்கியது. அதன் முதல் நிகழ்ச்சி எதைப் பற்றியது தெரியுமா? ஓர் இயற்கைப் படம் எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதைப் பற்றியது! தொடங்கும்போதே திரைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டிவிட்டுத் தொடங்கினார்கள். அத்தொடர் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் நடந்து வருகிறது.

பொதுத் தொலைக்காட்சி தவறே செய்யாது என்று எண்ணிவிட வேண்டாம். 2011இல் பி.பி.சி.யின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில், பனிக்குகைக்குள் தாய்க் கரடியுடன் இருக்கும் துருவக் கரடிக் குட்டிகளைக் காட்டினார்கள். அக்காட்சி நெதர்லாந்து நாட்டு விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் எடுக்கப்பட்டது. காட்டில் உள்ள குகைக்குள் காமிராவை நுழைத்தால் குட்டிகளின் உயிருக்கே ஆபத்து என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். இத்தகவலை அவர்கள் இணையத்தில் வெளியிட்டும் இருந்தார்கள். ஆனால் நிகழ்ச்சியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்று பலர் கேட்டனர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.

ஒரு குச்சி, ஒரு நிழல், ஓர் உலகம்

விடையைச் சொல்வதோடு நில்லாமல் விடை காணும் வழியையும் காட்டிய தொடர்களில் சிறந்தது 'காஸ்மாஸ்'. வானியல் அறிஞர் கார்ல் சேகன் வழங்கிய இத்தொடர் 1980இல் பி.பி.எஸ். மூலம் 13 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. முதல் பகுதியில் எரட்டோஸ்தனீஸின் கதை வருகிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் வாழ்ந்தவர் எரட்டோஸ்தனீஸ். தெற்கே சயீன் என்ற ஊரில், கோடையின் மிக நீண்ட பகல் நாளன்று உச்சிப் பொழுதில் நிழல் விழுவதில்லை என அவர் அறிந்தார். ஆனால் அதே நேரத்தில் அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது. சேகன் ஒரு நிலப்படத்தின் மேல் இரண்டு குச்சிகளை நிறுத்திக் காட்டுகிறார். படம் தட்டையாக இருந்தால் இரண்டு குச்சிகளுக்கும் ஒரே அளவு நிழல்தான் விழும். படத்தை வளைத்தால்? ஒன்றுக்கு நிழல் இல்லை, மற்றதற்கு உண்டு! ஆகவே பூமி வளைந்திருக்கிறது.

அலெக்சாண்டிரியாவின் நிழல் காட்டிய கோணம் ஏறத்தாழ 7.2 பாகை. இது முழு வட்டமான 360 பாகையில் ஐம்பதில் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஐம்பதால் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர். அதுவே பூமியின் சுற்றளவு.

இதை நீங்களும் செய்யலாம். சென்னையில் ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், உச்சிப் பொழுதில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழுவதில்லை. அதே நாளில் டில்லியின் உச்சிப் பொழுதில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் கோணம் ஏறக்குறைய 15.5 பாகை. வடக்கு தெற்காக இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1,720 கிலோமீட்டர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நிகழ்ச்சி சொன்னது சரிதானா என்பதை உங்கள் பள்ளி முற்றத்திலேயே சோதித்து விடலாம்!

கடந்த காலத்துக்குக் காமிரா ஏது?

வரலாற்றுத் தொடர்களில் நமது கேள்வி இன்னும் முக்கியமாகிறது. நடந்து முடிந்ததைப் படம் பிடிக்க முடியாதல்லவா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அதைப் பற்றிக் கென் பர்ன்ஸ் தயாரித்த 'தி சிவில் வார்' என்ற தொடரைப் பி.பி.எஸ். 1990 செப்டம்பரில் ஒளிபரப்பியது. ஒன்பது பகுதிகள்; ஐந்து இரவுகள்; பார்த்தவர்கள் ஏறத்தாழ 4 கோடிப் பேர். அசையும் படம் அந்நாளில் கண்டுபிடிக்கப்படவில்லை. எனவே பழைய புகைப்படங்களின் மீது காமிராவை மெல்ல நகர்த்தி, படைவீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பின்னணியில் படித்தார்கள். அன்றைய புகைப்படக் கருவிக்கு ஒரு படம் எடுக்கச் சில விநாடிகள் தேவைப்பட்டன. ஓடும் வீரன் அதில் கலங்கலாகத்தான் விழுவான். அதனால்தான் அப்படங்களில் போருக்கு முன்னும் பின்னும் உள்ள காட்சிகளைக் காண்கிறோமே தவிர, சண்டையைக் காண்பதில்லை.

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்றில், இறந்த வீரன் ஒருவனின் உடல் பாறைகளுக்கு இடையே கிடக்கிறது. அதே உடல் வேறு படங்களில் சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் கிடப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். காட்சிக்காக உடலை நகர்த்தியிருக்கிறார்கள்! ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட வேண்டும் என்பது வரலாற்று மாணவன் கற்க வேண்டிய முதற்பாடம்.

தொல்லியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 'டைம் டீம்' ஏற்றது. 1994இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிரிட்டனின் சேனல் 4 இதை ஒளிபரப்பியது. சேனல் 4 பொதுச் சொத்து; ஆனால் விளம்பர வருமானத்தில் நடப்பது. ஒவ்வோர் இடத்திலும் மூன்றே நாள் அகழாய்வு. தோண்டுவதற்கு முன் மண்ணில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். புதைந்த கற்சுவர் மின்சாரத்தை அதிகம் தடுக்கும். ஈரமண் நிரம்பிய பழைய அகழி குறைவாகத் தடுக்கும். அந்த அளவுகளை வரைபடமாக்கி, எங்கே தோண்டலாம் எனத் தீர்மானிப்பார்கள். சில சமயம் தோண்டிய குழியில் ஒன்றுமே இருக்காது. அதையும் மறைக்காமல் காட்டுவார்கள். அறிவியல் எவ்வாறு நடக்கிறது என்பதை அந்த வெறும் குழியே நமக்குச் சொல்லிவிடுகிறது.

நம் நாட்டுத் தொடர் ஒன்றையும் சொல்ல வேண்டும். நேரு அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்தபோது 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' என்ற நூலை எழுதினார். ஷியாம் பெனகல் அதைத் தழுவி 'பாரத் ஏக் கோஜ்' என்ற தொடரை 53 பகுதிகளாக இயக்கினார். 1988இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கியது. இந்தித் தொடர் ஆதலால், அம்மொழி அறிந்த ஒருவருடன் அமர்ந்து பார்ப்பது நல்லது. இதில் நடிகர்கள் வரலாற்று மாந்தராக வருகிறார்கள். ஆகவே குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு, காசு, பழைய நூல் இவற்றிலிருந்து வந்த செய்தி ஒரு பக்கம். உரையாடல், உடை, காட்சியமைப்பு எனக் கற்பனையால் நிரப்பியவை மறுபக்கம். மேலும், இது ஒருவர் தம் நாட்டைப் பார்த்த பார்வை என்பதையும் மறவாதீர்கள்.

உறுதி என்பது எங்கே முடிகிறது?

இறுதியாக, 1973இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'தி அசெண்ட் ஆஃப் மேன்'. போலந்தில் பிறந்த கணித அறிஞர் ஜேக்கப் புரோனோவ்ஸ்கி மனித அறிவு வளர்ந்த கதையை 13 பகுதிகளில் விளக்கினார். பதினோராம் பகுதியில் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குச் செல்கிறார். நாஜிகள் இலட்சக்கணக்கானவர்களைக் கொன்ற இடம் அது. அவருடைய உறவினர் பலரும் அங்கே மாண்டார்கள். கொல்லப்பட்டவர்களின் சாம்பலைக் கொட்டிய குளத்தில் அவர் காலணியோடு இறங்கி, சேற்றைக் கையால் அள்ளுகிறார். தமக்கு எல்லாம் தெரியும், சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்று மனிதர் நம்பத் தொடங்கினால் முடிவு இதுதான் என்கிறார். "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது நமக்குப் புரிகிறது.

இத்தகைய தொடர்கள் தாமாக உருவாவதில்லை. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசு நிதி கிடைத்து வந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ் அந்த நிதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நன்கொடையையே இனிப் பெரிதும் நம்ப வேண்டிய நிலையில், சிறிய ஊர்களின் நிலையங்கள்தாம் அதிகம் பாதிக்கப்படுகின்றன. மறுபுறம், நடக்காத ஒன்றை நடந்ததுபோலக் கணினி நொடியில் படமாக்கித் தரும் காலம் இது. லெம்மிங்குகளை விலைக்கு வாங்கிச் சுழல் மேடை போட வேண்டிய சிரமம்கூட இன்று பொய்யர்களுக்கு இல்லை!

ஆகவே, இத்தொடர்களில் ஒன்றின் ஒரு பகுதியை இம்மாதம் பாருங்கள். பார்க்கும்போது மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லப்பட்ட உண்மை என்ன? அதற்குக் காட்டப்பட்ட சான்று என்ன? சான்று காட்டாமல் விட்டது எது? மூன்றாவது வரிசையில் உள்ளதை நூலகத்துக்கு எடுத்துச் சென்று தேடுங்கள். உங்கள் ஆசிரியரிடமும் கேளுங்கள்.