அவசர சேவைகளுக்குப் பொது வானொலி ஏன் தேவை?

"வெள்ளவத்தையில் தீப்பிடித்தால் யாரை அழைப்பீர்கள்?" என வகுப்பில் கேட்டேன். பிள்ளைகள் தடுமாறினார்கள். பொலிஸுக்கு 119, கொழும்பு தீயணைப்புக்கு 110, சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990.

இலக்கங்களை மனனம் செய்துவிடலாம். ஆனால், பேரிடரில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் கைபேசி வலையமைப்பு நெரிசலில் திணறும். நீண்ட நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் கோபுரங்களும் செயலிழக்கும். 2004 சுனாமியில் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தது அமெச்சூர் வானொலியாளர்களின் சிற்றலைக் கருவிகள்தான்.

பொது வானொலியில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால், மூன்று சேவைகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் எந்தப் பக்கமாக வண்டி நுழையலாம் என்பதை முதலில் போய்ச் சேர்ந்தவர் ஒரு தடவை சொன்னால் போதும். அந்தச் சில நிமிடங்கள் ஓர் உயிரைக் காக்கலாம்.

நமது மாநகர சபை உறுப்பினர்களிடம் இதைக் கேட்போம்.